ஆலன் ஷெர்மனின் புகழ் ஏன் சில ஆண்டுகளிலேயே மங்கியது?

‘1963இல் அமெரிக்காவையே சிரிக்க வைத்த நகைச்சுவைப் பாடகர் ஆலன் ஷெர்மனை வீழ்த்தியது பிரிட்டனின் பீட்டில்ஸ் இசைக்குழுவின் வருகைதானா?’ என்று நேயர் ஒருவர் கேட்டிருக்கிறார். அதுவும் ஒரு காரணம்தான். ஆனால், சிக்கல் அதற்கு முன்பே தொடங்கிவிட்டது என்பது என் கருத்து.

1924இல் சிகாகோவில் பிறந்த ஷெர்மன், தொலைக்காட்சி நிகழ்ச்சிகளைத் தயாரித்து வந்தவர். பிரபலமான மெட்டுகளுக்கு வேடிக்கையான வரிகளை எழுதி விருந்துகளில் பாடுவார். லாஸ் ஏஞ்சலஸில் பக்கத்து வீட்டில் வசித்த நடிகர் ஹார்போ மார்க்ஸ் அதைக் கேட்டு மகிழ்ந்து, திரையுலகினர் கூடும் விருந்துகளுக்கு அவரை அழைத்துப் பாட வைத்தார். ஆனால், நியூயார்க்கின் பிராட்வே இசைநாடகங்களின் மெட்டுகளை அப்படிக் கேலிப் பாடல்களாக இசைத்தட்டில் வெளியிட உரிமையாளர்கள் பலர் சம்மதிக்கவில்லை. எனவே வார்னர் பிரதர்ஸ் இசைத்தட்டு நிறுவனத்துக்காக 1962இல் பதிவான முதல் தொகுப்பில், யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லாத பழைய நாட்டுப்புற மெட்டுகளையே நாடினார்.

அந்தக் கட்டாயமே முதலில் அவருக்கு வரமாக அமைந்தது. அமெரிக்க உள்நாட்டுப் போர்க்காலத்தின் கம்பீரமான கீதம் ஒன்றின் மெட்டில், தீப்பற்றி எரியும்போதும் தம் இயந்திரத்தை விட்டு நகராமல் வெல்வெட் துணி வெட்டிக்கொண்டே உயிர்விட்ட ஹாரி லூயிஸ் என்ற தொழிலாளியின் ‘வீர வரலாற்றை’ அவர் பாடினார். இசை போர்க்களத்தில் நிற்க, கதை திரைச்சீலைக் கிடங்கில் நடக்கிறது. சிரிப்பு அங்கேதான் பிறக்கிறது. அத்தொகுப்பு பத்து லட்சத்துக்கும் மேல் விற்றது. அதுவும் அடுத்து வந்த இரண்டும் அமெரிக்காவின் பில்போர்டு இசைத்தட்டுத் தரவரிசைப் பட்டியலில் முதலிடம் பிடித்தன. 1963இல், இத்தாலிய இசையமைப்பாளர் போன்கியெல்லியின் இசைநாடகத்திலிருந்து எடுத்த மெட்டில், கோடை முகாமிலிருந்து பெற்றோருக்குப் புலம்பிக் கடிதம் எழுதும் சிறுவனின் பாடல் இரண்டாம் இடம் வரை ஏறி, கிராமி விருதும் பெற்றது.

1964இல் ரசனை இளைஞர்களின் கைக்குப் போனபோது, பழைய மெட்டுகளை நம்பிய அந்த முறை அவருக்கு உதவவில்லை. பீட்டில்ஸைக் கேலி செய்ய முனைந்தபோதுகூட அவர் எடுத்துக்கொண்டது குழந்தைப் பாட்டு ஒன்றின் மெட்டு. பாடியதோ அலுத்துக்கொள்ளும் தந்தையின் குரலில்! மணமுறிவும் உடல்நலக் கேடும் வேறு சேர்ந்துகொண்டன. 1966இல் வார்னர் அவரை விடுவித்தது. 1973இல், 49 வயது நிறைவதற்குச் சில நாட்களுக்கு முன், நுரையீரல் நோயால் காலமானார்.

அவரைப் புதிதாகக் கேட்க விரும்புவோர் முகாம் பாடலை விட்டுவிட்டு, ஹாரி லூயிஸின் கதையிலிருந்து தொடங்கலாம்.