ரொட்டியில் செய்த அப்பா

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். 'சிற்பியின் படைப்புக்கு உருக்கொடுப்பது சிறுவயதுக் காயமா, கைப்பயிற்சியா?' என்பது தலைப்பு. காயமே என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர், "உளி பிடிக்கத் தெரியாதவன் எவ்வளவு அழுதாலும் கல் சிலையாகாது" என்றார். கைத்தட்டலை அள்ளினார். நானும் சேர்ந்துதான் தட்டினேன். ஆனால் ஐயா, உளி கைக்கு வந்த பிறகு எதைச் செதுக்குவது என்று அந்தக் கைக்கு யார் சொல்வது?

லூயிஸ் பூர்ஷ்வா என்ற சிற்பி அம்மையார், 1911இல் பாரிஸில் பிறந்தவர். பெற்றோர், சுவரில் தொங்கவிடும் பழைய சித்திரக் கம்பளங்களைச் செப்பனிடும் பட்டறை வைத்திருந்தார்கள். அப்பாவுக்கு ஒரு காதலி. வெளியில் எங்கோ இல்லை. பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லித்தர வந்து அதே வீட்டில் தங்கியவர். அம்மாவுக்கும் தெரியும், பிள்ளைகளுக்கும் தெரியும்.

இனி சாப்பாட்டு மேசைக்கு வாருங்கள். அப்பா பேசிக்கொண்டே இருக்கிறார், தன் பெருமையை. எதிர்த்துப் பேச மகளால் முடியாது. தட்டுக்குப் பக்கத்தில் வெள்ளை ரொட்டி. அதைப் பிய்த்து, எச்சில் தொட்டுப் பிசைந்து, அப்பாவைப் போல ஒரு பொம்மை பிடிக்கிறாள். பிறகு கத்தியை எடுத்து அதன் கைகால்களை நறுக்குகிறாள். அதையே தன் முதல் சிற்பமாகப் பின்னாளில் அவர் சொன்னார். இது எந்தப் பயிற்சி வகுப்பு ஐயா?

அந்த மேசை அவரை விடவில்லை. 1938இல் நியூயார்க்கில் குடியேறினார், விடவில்லை. 1951இல் அப்பா இறந்தார், அப்போதும் விடவில்லை. மனப்பகுப்பாய்வுச் சிகிச்சைக்குப் போனார். 1974இல், அறுபதைத் தாண்டிய வயதில், 'தந்தையின் அழிவு' என்றொரு படைப்பு. குகை மாதிரி ஓர் இடம், உள்ளே சிவப்பு வெளிச்சம், சுற்றிலும் வீங்கிய உருண்டைகள். கறிக்கடையில் ஆட்டிறைச்சியும் கோழிக்காலும் வாங்கி, அச்செடுத்து, நடுவில் பரப்பினார். அப்பாவைப் பிள்ளைகள் மேசைமேல் இழுத்துப்போட்டுத் தின்றுவிட்டார்கள், அதுதான் கதை. அதே சிறுமிதான், மேசை மட்டும் பெரிதாகிவிட்டது.

எதிரணி அடுத்து பட்டறைக்குள் நுழைவார்கள் என்று தெரியும். கம்பளங்களின் அடிப்பகுதிதான் முதலில் நைந்துபோகும். அங்கே உருவங்களின் காணாமல்போன பாதங்களை வரைந்து தந்தவள் இந்தச் சிறுமி. "அது பயிற்சி இல்லையா?" என்பார்கள். பயிற்சிதான், ஒத்துக்கொள்கிறேன். பாதத்தை வரையச் சொல்லித் தந்தது பட்டறை. காலை வெட்டச் சொன்னது மேசை.

அதே மேசையில் அக்காவும் தம்பியும் உட்கார்ந்தார்களே, அவர்கள் ஏன் சிற்பியாகவில்லை? நல்ல கேள்வி, நானே எடுத்துத் தருகிறேன். காயம்பட்டவரெல்லாம் சிற்பி என்று எங்கள் அணி சொல்லவே இல்லை. சிற்பியான ஒருவரின் கையில் எந்த உருவம் வந்து விழுகிறது என்பதுதான் நம் தலைப்பு.

அதற்கு அவருடைய சிலந்தியைப் பாருங்கள். 1932இல் அம்மா இறந்தார். சோர்போன் பல்கலைக்கழகத்தில் கணக்குப் படித்துக்கொண்டிருந்த மகள், கணக்கை விட்டுக் கலைக்கு வந்தார். அந்த அம்மாவை 1999இல் எஃகில் நிறுத்தினார். பெயர் 'மாமன்'. சிரிக்காதீர்கள், தாய்மாமன் இல்லை, பிரெஞ்சில் அம்மா! 9 மீட்டருக்கு மேல் உயரம். கிழிந்ததைப் பொறுமையாக இழை கோத்துச் சரிசெய்தவர் அம்மா, அதனால் சிலந்தி. 2000இல் லண்டனில் டேட் மாடர்ன் கலைக்கூடம் திறந்தபோது மக்கள் அதன் கால்களுக்கு நடுவே நடந்தார்கள். அண்ணாந்தால் வயிற்றடியில் ஒரு பை, அதற்குள் பளிங்கு முட்டைகள்.

அம்மா போனதற்கும் சிலந்தி வந்ததற்கும் நடுவில் 67 வருடம். எந்தக் கலைப்பள்ளியில் படித்த பாடம் ஐயா அத்தனை வருடம் அப்படியே நிற்கும்? எதிரணி பதில் சொல்லட்டும். நடுவர் மணியைத் தொட்டுவிட்டார், அமர்கிறேன்.