மூன்றாம் நாள் சீட்டு

நேயர்களுக்கு வணக்கம். பெருங்குடல் புற்றுநோய்க்கு ஆபரேஷன் முடிந்ததும் வார்டு வாசலில் காத்திருக்கும் உறவினர்கள் கேட்பது, “கட்டிய முழுசா எடுத்துட்டீங்களா டாக்டர்?” என்பதுதான். மூன்றாம் நாள் இன்னொன்றும் கேளுங்கள்: “சி.ஆர்.பி. எவ்வளவு?” அது ஒரு ரத்தப் பரிசோதனை.

நோயுள்ள குடலை வெட்டியெடுத்து, மிச்சமுள்ள இரண்டு முனைகளைத் தையலோ ஸ்டேப்ளரோ போட்டு இணைக்கிறோம். அந்த இணைப்பு விட்டுப்போனால் மலக்கிருமிகள் வயிற்றுக்குள் இறங்கும். கசிவு பெரும்பாலும் ஐந்தாம் நாளுக்கு மேல்தான் வெளியே தெரியவரும். உள்ளே வேலை முன்பே தொடங்கியிருக்கும். அந்த ஓரிரு நாளில் மோப்பம் பிடிக்கத்தான் இந்த ரத்தப் பரிசோதனை.

சி.ஆர்.பி. ஈரல் சுரக்கும் ஒரு புரதம். கத்தி பட்டாலே ஏறும்; இரண்டு, மூன்று நாளில் உச்சம் தொடும். புதிதாகச் சுரப்பது நின்றால் சுமார் 19 மணி நேரத்தில் பாதியாகும். இரண்டு பேரை வைத்துக்கொள்வோம். ஒருவருக்கு இரண்டாம் நாள் 180, மூன்றாம் நாள் 140, நான்காம் நாள் 85. கஞ்சி கொடுக்கலாம், நடக்க வைக்கலாம். அடுத்த கட்டிலில் 150, 165, 210. இவருக்குக் காய்ச்சலே இல்லாமலிருக்கலாம். ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை பாரசிட்டமால் ஏறும்போது காய்ச்சல் எப்படித் தெரியும்? ஆனால் நாடி 110-க்குக் கீழே இறங்காது, வயிறு உப்பும், விக்கல் நிற்காது. இவருக்கு சி.டி. ஸ்கேனைத் தள்ளிப்போடக் கூடாது.

பெருங்குடல் ஆபரேஷன்களில் நடந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது கிடைத்த எல்லைக்கோடு: மூன்றாம் நாள் சுமார் 170, நான்காம் நாள் சுமார் 125. இதற்குக் கீழே இருந்தால் நூற்றுக்கு 97 பேருக்குக் கசிவு இல்லை. மேலே இருந்தாலோ ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குத்தான் கசிவு. மற்றவர்களுக்கு நெஞ்சுச் சளி, சிறுநீர்த் தொற்று, தையலில் சீழ், சிலருக்கு எதுவுமே இல்லை. குறைந்த எண்ணை நம்பலாம். கூடிய எண்ணைக் கண்டால் தேட வேண்டும், அவ்வளவுதான்.

ஒரு பொறி இருக்கிறது. நான் சொன்ன எண்கள் லிட்டருக்கு மில்லிகிராம். சில லேப் சீட்டில் டெசிலிட்டர், அதாவது லிட்டரில் பத்தில் ஒரு பங்கு, கணக்கு இருக்கும். அதில் 15 என்றால் இதில் 150. “பதினைஞ்சுதானே” என்று நிம்மதியடைந்துவிடாதீர்கள். ஈரல் சுருங்கியவருக்கும், வாந்தி வராமலிருக்க மயக்க மருந்தோடு டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீராய்டு ஊசி போட்டவருக்கும் எண் உள்ளதைவிடக் குறைவாகக் காட்டும்.

யாருக்குத் தொற்று வரக்கூடும் என்பது ஆபரேஷனுக்கு முன்பே ஓரளவு தெரியும். ஆறு மாதத்தில் உடல் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இறங்கியவர், ரத்தத்தில் ஆல்புமின் என்ற புரதம் டெசிலிட்டருக்கு 3 கிராமுக்குக் கீழே உள்ளவர், சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர், பீடியை விடாதவர். ஹார்பரில் மூட்டை தூக்குகிறவரோ காசிமேட்டில் வலை இழுக்கிறவரோ, பீடியை நான்கு வாரம் முன்பே நிறுத்தினால்தான் பலன். அட்மிஷன் அன்று நிறுத்திப் பெரிதாகப் பயனில்லை. வீட்டிலேயே பிளேடால் வயிற்று முடியை மழித்துக்கொண்டு வராதீர்கள். கண்ணுக்குத் தெரியாத கீறல்களில் கிருமி குடியேறும். கிளிப்பர் போதும், அதையும் ஆஸ்பத்திரியில் செய்வார்கள்.

தையலில் தொற்று 30 நாள் வரை வரலாம், அதாவது வீடு திரும்பிய பிறகும். தையலோரம் சிவந்து சூடாக இருந்தால், நீர் கசிந்தால், குளிர் நடுக்கம் வந்தால், வண்ணாரப்பேட்டையோ எண்ணூரோ, தெருமுனை மெடிக்கலில் ஆன்டிபயாட்டிக் வாங்கி விழுங்காதீர்கள். அரைகுறை மருந்து காய்ச்சலை அமுக்கும், உள்ளே இருக்கும் சீழை அமுக்காது. டிஸ்சார்ஜ் சீட்டில் கடைசி சி.ஆர்.பி. எண்ணையும் தேதியையும் எழுதித் தரச் சொல்லுங்கள். இரவு அவசரப் பிரிவில் பார்க்கும் டாக்டருக்கு உங்களை முன்பின் தெரியாது. ஒப்பிட்டுப் பார்க்க அவர் கையில் இருக்கப்போவது அந்த ஒரு எண்தான்.