சுவரில் சாய்த்துவைத்த சைக்கிள்

வானொலி நேயர்களுக்கு வணக்கம். புதுக்கோட்டையில் அப்பா நடத்திய சைக்கிள் கடையை இப்போது நான் நடத்திவருகிறேன். அன்றாடம் சைக்கிள் ஓட்டும் பழக்கத்தை ஊரில் எப்படி வளர்ப்பது என்று பேச அழைத்திருக்கிறார்கள். எனக்குத் தெரிந்த தொழில் பழுது பார்ப்பது. ஆகவே அதைப் பற்றித்தான் அதிகம் பேசுவேன்.

எங்கள் ஊரில் சைக்கிளுக்குப் பஞ்சமே கிடையாது. எந்தத் தெருவில் நுழைந்தாலும் மாடிப்படிக்குக் கீழே ஒன்று, கொல்லைப்புறச் சுவரில் ஒன்று சாய்ந்து நிற்கும். மேலே ஈரத்துணி காயும். ஏன் ஓட்டுவதில்லை என்று கேட்டால் 'வண்டி ரிப்பேர்' என்பார்கள். என்ன ரிப்பேர் என்று யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். கடைக்கு உருட்டிவந்தால் பாதி வண்டிகளில் வால்டியூப் மட்டும்தான் போயிருக்கும். காற்றடிக்கும் வாயில் மாட்டும், ஒரு டீ விலைகூட ஆகாத சின்ன ரப்பர் குழாய் அது. அதற்காக வெயிலில் வண்டியைத் தள்ளிக்கொண்டு பேருந்து நிலையம் வரை யார் வருவார்கள்? கூப்பிடு தூரத்தில் கடை இருந்தால் அன்றைக்கே மாற்றிவிடுவார்கள். இல்லாவிட்டால் நாளைக்குப் பார்க்கலாம் என்று நிறுத்திய வண்டி, அடுத்த பொங்கலுக்கு வெள்ளை அடிக்கும்போதுதான் நகரும்.

புது சைக்கிள் விற்பதில் எங்களைப் போன்ற சிறு கடைகளுக்குக் கிடைக்கும் லாபம் சொற்பம். இப்போது பெட்டியில் போட்டு வீட்டுக்கே அனுப்பிவிடுகிறார்கள். ஹேண்டில்பாரும் பெடலும் மாட்டத் தெரியாமல் அந்தப் பெட்டியோடு எங்களிடம் வருகிறார்கள். 'அங்கே வாங்கிவிட்டு இங்கே ஏன் வருகிறாய்' என்று முகத்தைத் திருப்பும் கடைக்காரர்கள் உண்டு. அது புத்திசாலித்தனம் இல்லை. இடது பெடலுக்கு மரை எதிர்ப்பக்கமாக ஓடும் என்பது தெரியாமல் முறுக்கி, பெடல் மாட்டும் கிராங்கையே கெடுத்துக்கொண்டு வருவதைவிட நேராக நம்மிடம் வருவது நல்லதுதானே? எங்கே வாங்கிய வண்டியாக இருந்தால் என்ன, பஞ்சருக்கு இங்கேதான் வர வேண்டும்.

பஞ்சர் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். ஓட்டை இருக்கும் இடத்தைப் பார்த்தாலே வண்டி ஓடும் விதம் தெரிந்துவிடும். டியூப்பைத் தண்ணீரில் அமுக்கும்போது குமிழி வெளிப்பக்கம் வந்தால் முள். எங்கள் பக்கத்தில் சீமைக் கருவேலம் இருக்கும்வரை அதற்குக் குறைவிருக்காது. உடனே ஒட்டிவிடக் கூடாது. டயரின் உள்ளே விரலைவிட்டுத் தடவி, ஒடிந்து நிற்கும் முனையை எடுத்த பிறகே ஒட்ட வேண்டும். குமிழி உள்பக்கம், அதாவது ரிம்மைத் தொடும் பக்கம் வந்தால், ரிம்மில் சுற்றிய நாடா விலகி ஸ்போக் கம்பியின் முனை குத்துகிறது என்று பொருள். அடுத்தடுத்து இரண்டு ஓட்டை, பாம்பு கொத்தியதுபோல இருந்தால், காற்றே இல்லாமல் பள்ளத்தில் இறக்கி ஏற்றியிருக்கிறார்கள். ரிம்மின் இரு விளிம்பும் டியூப்பை நசுக்கிவிட்டன. இந்த மூன்றாவது ரகம் காற்றடிக்காமல் நாமே வரவழைத்துக்கொள்ளும் பஞ்சர். காற்றுப் பம்பைக் கடைக்கு வெளியே சங்கிலி போட்டு வைத்திருக்கிறேன். யாரும் கேட்காமலே அடித்துக்கொள்ளலாம். பஞ்சர் வருமானம் போகுமே என்று தம்பி முணுமுணுக்கிறான். ஓடுகிற வண்டிக்குத்தான் டயர் தேயும், பிரேக் கட்டை தேயும் என்று அவனுக்குச் சொல்லியிருக்கிறேன்.

மூத்தவர்களுக்கு 1991-இல் எங்கள் மாவட்டத்தில் தொடங்கிய அறிவொளி இயக்கம் நினைவிருக்கும். அப்போது ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் எழுத்தறிவோடு சைக்கிளையும் சேர்த்தார். விவசாயக் கூலிகள், கல்குவாரித் தொழிலாளிகள், அங்கன்வாடிப் பணியாளர்கள் எனப் பல்லாயிரம் பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டார்கள். 1992-இல் அவர்கள் கொடி கட்டிய சைக்கிள்களில் ஊர்வலம் வந்தபோது ஊரே வாய்பிளந்து பார்த்தது. கடைக்காரன் மகனாக என் மனத்தில் நிற்பது வேறொன்று. லேடீஸ் சைக்கிள் போதாமல் பலர் ஜென்ட்ஸ் வண்டியையே வாங்கினார்கள். சிலர் கேட்டே வாங்கினார்கள், காரணம் அந்தக் குறுக்குக் கம்பி. முன்னால் குழந்தையை உட்காரவைக்கலாம், பின்னால் கேரியரில் தண்ணீர்க் குடம். லேடீஸ் வண்டி வடிவமைத்தவர்கள் உடையை நினைத்தார்கள். ஓட்டியவர்கள் சுமையை நினைத்தார்கள். பழைய பாணி வண்டியின் முன் சக்கரத்தில் 32 ஸ்போக், பின் சக்கரத்தில் 40 இருப்பதும் சுமை பின்னால் விழும் என்பதால்தான்.

பின்னர் அரசின் விலையில்லா மிதிவண்டி வந்தது. 2001-இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கெனத் தொடங்கி, பிறகு அரசு மற்றும் அரசு உதவிபெறும் பள்ளிகளின் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கெல்லாம் விரிந்தது. நல்ல திட்டம். பிள்ளை கல்லூரிக்குப் போனதும் அம்மா நூறு நாள் வேலைக்கும் ரேஷன் கடைக்கும் அதே வண்டியில் போகிறார். வண்டி கையில் வந்ததும் ஒருமுறை எல்லா நட்டும் முடுக்கிக்கொள்ளுங்கள். புது ஸ்போக்குகள் ஓரிரு மாதத்தில் தளரும். அப்போது ஒரு தடவை கோட்டம் எடுத்துவிட்டால் சக்கரம் பல வருடம் நேராக ஓடும்.

கியர் வண்டி வாங்கலாமா என்று நாள்தோறும் கேட்கிறார்கள். சமதரையான எங்கள் ஊருக்கு எதற்கு? முன்னால் ஸ்பிரிங் வைத்த வண்டியோ இன்னும் மோசம்; எடை கூடும், மிதிப்பதில் கொஞ்சம் ஸ்பிரிங்குக்கே போகும். விளம்பரத்தைப் பார்த்துப் பையன் அடம்பிடிப்பான், அப்பாவும் வாங்கிவிடுவார். எப்படியோ போகட்டும், சீட் உயரத்தையாவது சரியாக வையுங்கள். பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை வைத்தால் முழங்கால் நேராக நீள வேண்டும். முழங்கால் வலிக்கிறது என்று சைக்கிளை விட்டவர்கள் பலருக்கு சீட் இரண்டு விரல் உயர்ந்தாலே வலி போய்விடும்.

சாலைகளைப் பற்றி அதிகாரிகள் பேச வேண்டும். நெடுஞ்சாலையை அகலமாக்கியபோது சைக்கிள்காரனுக்கு வெள்ளைக் கோட்டுக்கு வெளியே மண்ணைத்தான் விட்டார்கள். அதனால் அந்திக்குப் பின் வீடு திரும்புபவர்கள் பின் மட்கார்டில் சிவப்பு ரிஃப்ளெக்டர் ஒட்டிக்கொள்ளுங்கள். எங்கள் கடையில் ஒட்டுக்கூலி வாங்குவதில்லை.

ஜூனில் பள்ளி திறந்த பிறகு எல்லாரும் ஒரே நாளில் வந்து நிற்பார்கள்; எங்களால் சமாளிக்க முடியாது. வண்டியை மே மாதக் கடைசியிலேயே உங்கள் தெருக் கடைக்குக் கொண்டுபோய்விடுங்கள். நன்றி, வணக்கம்.