எடை மிஷின் சொல்லாத கணக்கு: மல்யுத்த வீரர் உடம்புல கொழுப்பு எவ்வளவு?

[திரை: இருட்டான அறை, நடுவில் ஒரு எடை மிஷின்]

2024 ஆகஸ்ட் 7, பாரிஸ். பெண்கள் 50 கிலோ மல்யுத்தம், ஃபைனல் நாள் காலை. வினேஷ் போகாட் எடை மிஷின்ல ஏறுறாங்க. 100 கிராம் கூடுதல். முந்தின நாள் ஜப்பானோட ஒலிம்பிக் சாம்பியன் யுயி சுசாகியையே வீழ்த்தினவங்க. ராத்திரி முழுக்க வியர்வையா இறக்கியும், கடைசியில முடியை வெட்டியும், அந்த 100 கிராம் போகல. பதக்கம் போச்சு.

அந்தக் காலையை நினைச்சா எனக்கு இன்னும் மனசு ஆறல. முடியை வெட்டுற நிலைமை வந்துட்டா, உடம்புக்குள்ள இறக்குறதுக்கு வேற எதுவும் மிச்சமில்லைன்னுதான் அர்த்தம். எடை மிஷின் மொத்தத்தைத்தான் சொல்லும். அதுல கொழுப்பு எவ்வளவு, தண்ணி எவ்வளவு, தசை எவ்வளவுன்னு அதுக்குத் தெரியாது.

[திரை: 1997, அமெரிக்க வரைபடம்]

இந்தக் கேள்வியை விளையாட்டு உலகம் உயிர் விலை கொடுத்துக் கத்துக்கிட்டது. 1997 கடைசியில, அமெரிக்காவுல ஏறக்குறைய ஒரே மாசத்துக்குள்ள மூணு கல்லூரி மல்யுத்த மாணவர்கள் செத்துப்போனாங்க. மூணு பேரும் எடையை வேகமா இறக்கிட்டு இருந்தவங்க. அதுக்கப்புறம் கல்லூரி விளையாட்டுகளை நடத்துற என்சிஏஏ விதியை மாத்துச்சு. சீசன் தொடங்கும்போதே கொழுப்பை அளக்கணும். 5 சதவீதக் கொழுப்போட நின்னா என்ன எடை வருமோ, அதுக்குக் கீழ ஆண்கள் யாரும் இறங்கக் கூடாது. பள்ளிகள்ல பையன்களுக்கு 7, பொண்ணுங்களுக்கு 12.

ஆக, அளக்குற கருவி தப்புப் பண்ணினா என்ன ஆகும்?

[திரை: பலகையில் கணக்கு]

68 கிலோ பையன்னு வெச்சுக்குவோம். கொழுப்பு 12 சதவீதம்னா, கொழுப்பில்லாத உடம்பு 59.8 கிலோ. 5 சதவீதக் கணக்குல அவன் இறங்கக்கூடிய கடைசி எல்லை 63 கிலோ. அதே பையனுக்குக் கருவி 15ன்னு காட்டிட்டா? எல்லை 60.8க்கு இறங்கிடும். வெறும் 3 புள்ளி தப்புல 2 கிலோவுக்கு மேல. அந்த 2 கிலோவை அவன் கொழுப்புலேருந்து எடுக்க முடியாது. தண்ணியையும் தசையையும்தான் பிழிஞ்சு எடுக்கணும்.

[திரை: கைப்பிடி உள்ள எடை மிஷின்]

ஜிம்ல எல்லாரும் ஏறுற மிஷின் இதுதான். சின்ன மின்சாரத்தை உடம்புக்குள்ள விடும். தண்ணி நிறைஞ்ச தசையில மின்சாரம் சுலபமா ஓடும், கொழுப்புல தடைபடும். அந்தத் தடையை வெச்சுத்தான் கொழுப்பைக் கணிக்குது. வெயிட் குறைக்கிறவங்க தண்ணி குடிக்காம வந்து ஏறுவாங்க. தண்ணி குறைஞ்சா தடை கூடும், மிஷின் அதைக் கொழுப்புன்னு எண்ணிக்கும். உடம்பு வறண்டு கிடக்குறப்போ "உனக்கு இன்னும் இறக்க இடம் இருக்கு"ன்னு சொல்ற கருவி இது. சண்டை விளையாட்டு வீரருக்கு இதைவிட ஆபத்தான தப்பு இருக்க முடியாது. பயிற்சி முடிஞ்ச கையோட, தோல் சூடா வியர்த்திருக்கும்போது ஏறினா தலைகீழா, குறைச்சுக் காட்டும்.

[திரை: தண்ணீர்த் தொட்டி, பிறகு மூடிய கூண்டு, பிறகு ஸ்கேன் மேசை]

தண்ணிக்குள்ள முக்கி எடை பார்த்து, உடம்போட அடர்த்தியிலேருந்து கொழுப்பைக் கணிக்குற முறை பழசு, மரியாதையானது. ஆனா மூச்சு முழுக்க விட்டுட்டு அசையாம உட்காரணும். பாட் பாட் (Bod Pod)ங்கிற மூடின கூண்டு அதையே காத்தை வெச்சுச் செய்யும். டெக்ஸா ஸ்கேன் ரெண்டு விதமான எக்ஸ்ரேயால எலும்பு, கொழுப்பு, மத்ததுன்னு பிரிச்சுக் காட்டும். இது நல்ல கருவி, எனக்கும் பிடிக்கும். இருந்தாலும் வயித்துல சாப்பாடும் தண்ணியும் எவ்வளவு இருக்குங்கிறதைப் பொறுத்து இதுவும் மாறும். மாசாமாசம் எடுக்கக் கட்டுப்படியாகாது.

[திரை: காலிப்பர், நெருக்கக் காட்சி]

நான் நம்புறது இந்தக் காலிப்பரை, அதாவது தோல் மடிப்போட தடிமனை மில்லிமீட்டர்ல அளக்குற கவ்வியை. உடம்பின் வலது பக்கம். கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் தோலைக் கிள்ளித் தூக்குங்க. தசை வரக் கூடாது, தோலும் அதுக்கடியில இருக்குற கொழுப்பும் மட்டும். விரலுக்கு 1 சென்டிமீட்டர் தள்ளிக் காலிப்பரை வெச்சு, 2 செகண்ட் பொறுத்துப் படிங்க. அதுவரைக்கும் கிள்ளின விரலை விடாதீங்க. மல்யுத்த வீரர்களுக்கு மூணு இடம்: மேல்கையின் பின்பக்கம், தோள்பட்டை எலும்புக்குக் கீழ, தொப்புளுக்குப் பக்கத்துல.

இதுலயும் 3 புள்ளி பிசகுறது சாதாரணம்தான். பெரும்பாலும் மில்லிமீட்டரைச் சதவீதமா மாத்துற இடத்துலதான் அந்தப் பிசகு நுழையுது. கொழுப்போட அடர்த்தி 0.9, மத்த உடம்போட அடர்த்தி 1.1ன்னு அந்த மாத்துற சூத்திரம் எல்லாருக்கும் ஒரே கணக்கு வெச்சிருக்கு. வருஷக்கணக்கா மேட்ல விழுந்து எழுந்த உடம்புல எலும்பும் தசையும் அந்தக் கணக்குக்குள்ள அடங்காது. அதனால கோச்சுகளுக்கு நான் சொல்றது: மூணு இடத்து மில்லிமீட்டரையும் கூட்டி நோட்டுல எழுதுங்க. போன மாசம் 30, இந்த மாசம் 26ன்னா கொழுப்பு குறையுது. எடை 2 கிலோ இறங்கியும் 30 அப்படியே நிக்குதுன்னா, போனது கொழுப்பு இல்ல. ஒரே கை, ஒரே காலிப்பர், ஒரே நேரம்.

[திரை: சிறுநீர் மாதிரி, அதன் அடர்த்தியை அளக்கும் ஒளிவிலகல்மானி]

அதுக்கும் முன்னாடி ஒரு படி இருக்கு. கல்லூரி விதியில முதல்ல சிறுநீர், அப்புறம் எடை, அதுக்கப்புறம்தான் கொழுப்பு. சுத்தமான தண்ணியோட ஒப்படர்த்தி 1.000. சிறுநீர் 1.020 தாண்டினா உடம்பு வறண்டிருக்குன்னு எடுத்துக்குவாங்க. அப்படி வந்தா காலிப்பரைப் பெட்டியிலேருந்து எடுக்காதீங்க. பையனுக்குத் தண்ணியும் சாப்பாடும் கொடுத்து, இன்னொரு நாள் வரச் சொல்லுங்க.