சுனாமிக்கு முந்திய வருடம்

வணக்கம் நேயர்களே. நோயாளர் பதிவேடுகளைக் கணினிக்கு மாற்றும் வேலையில் இருப்பவன் நான். மருந்தின் பெயரையும் அளவையும் ஏற்றுவது எளிது. காலத்தை ஏற்றுவதுதான் கடினம்.

மட்டக்களப்பில் கல்லடிப் பக்கத்து அம்மா ஒருவரிடம், "எப்போதிருந்து சீனி வருத்தம்?" என்று கேட்டேன். "சுனாமிக்கு முந்திய வருடம், மகன். மூத்தவளுக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருந்தோம்" என்றார். அருமையான பதில். 2003 என்று வருடம் கிடைத்துவிட்டது. ஆனால் திரையில் இருந்த படிவம் நாளும் மாதமும் இல்லாமல் அடுத்த பக்கத்துக்குப் போக விடவில்லை. இப்படியான இடத்தில் பலரும் ஜனவரி 1 என்று அடித்துவிட்டுப் போகிறார்கள். பின்னொரு நாள் அதைப் பார்க்கும் வைத்தியருக்கு அது ஊகம் என்று எப்படித் தெரியும்? எங்கள் பெரியவர்கள் 1978 புயலையும் 2004 சுனாமியையும் வைத்துத்தான் வருடங்களை நினைவில் வைத்திருக்கிறார்கள். அவர்கள் சொன்ன அளவுக்கே பதிய வேண்டும். மருத்துவத் தகவல் பரிமாற்றத்துக்கான ஃபயர் என்னும் உலகத் தரநிலை அதற்கு இடம் தருகிறது: 2003 என்று மட்டும் எழுதி நிறுத்தலாம். திரும்பவும் சொல்கிறேன், தெரியாத நாளை இட்டு நிரப்பக் கூடாது.

அடுத்தது, திரும்பத் திரும்ப வருகிற வேளைகள். 'சாப்பாட்டுக்கு முன்' என்று இன்சுலின் எழுதுகிறார்கள். அதைக் கணினியில் காலை 7, இரவு 7 என்று மாற்றிவிட்டால் நோன்பு மாதத்தில் காத்தான்குடியில் என்ன நடக்கும்? சாப்பாடு விடியுமுன் உண்ணும் சஹருக்கும் மாலை நோன்பு திறப்புக்கும் போய்விடும்; பதிவோ 7 மணியிலேயே நிற்கும். நோன்புக்கான அளவை வைத்தியர்தான் மாற்றித் தர வேண்டும், நீங்களாகச் செய்யாதீர்கள், அது வேறு விடயம். மணியைக் குறிக்காமல் 'உணவுக்கு முன்', 'படுக்கைக்குப் போகும்போது' என்று பதியவும் அதே தரநிலையில் வழி இருக்கிறது. பிறகு ஏன் மணியைத் திணிக்க வேண்டும்?

மருந்து 'வெள்ளிக்கிழமை வரை' என்றால் வெள்ளியும் சேருமா என்று விரிவாகப் பேச நினைத்திருந்தேன். தயாரிப்பாளர் கை காட்டுகிறார். சேரும் என்பதே அந்தத் தரநிலையின் விதி, அதோடு விடுகிறேன்.

ஒன்றை மட்டும் விட முடியாது. மூட்டுவாதத்துக்குத் தரும் மெதொட்ரெக்ஸேட் மாத்திரையை வழக்கமாக வாரத்தில் ஒரு நாள்தான் எடுக்க வேண்டும். தவறுதலாகத் தினமும் எடுத்ததால் உயிர்கள் போயிருக்கின்றன. ஆகவே பதிவில் 'ஒருமுறை' என்பது மட்டும் போதாது. எத்தனை நாளுக்கு ஒருமுறை, எந்தக் கிழமை என்பவற்றுக்கும் தனித்தனி இடம் வேண்டும். அந்த மருந்து எடுப்பவர்கள் அடுத்த கிளினிக்கில் கிழமையைக் கேட்டுக் கொப்பியில் எழுதுவித்துக்கொள்ளுங்கள். நன்றி, வணக்கம்.