கழுத்துக்குக் காலர் மாட்டுவது யாருக்காக?

நடுவர் அவர்களே! விபத்தில் அடிபட்டவரின் கழுத்தும் முதுகும் அசையாதபடி காலர் மாட்டிப் பலகையோடு சேர்த்துக் கட்டுவது அவர் நன்மைக்கா, வழக்குக்குப் பயந்தா என்பது தலைப்பு. பயந்துதான் என்கிறது எங்கள் அணி. எதிரணித் தோழர் கேட்டார்: "கட்டாமல் விட்டு, நாளைக்குக் கைகால் விழுந்துவிட்டால் யார் பதில் சொல்வது?" ஐயா, அந்தக் கேள்வியிலேயே பயம்தானே முந்திக்கொண்டு பேசுகிறது?

கட்டினால் காக்கும் என்பதற்கு ஆதாரம் எங்கே? 1998-இல் ஓர் ஆய்வு வந்தது. முதுகெலும்பில் அடிபட்டு கோலாலம்பூர் மலாயா பல்கலைக்கழக மருத்துவமனைக்கு வந்த 120 பேரில் ஒருவரையும் வழியில் கட்டவில்லை. அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் 334 பேரையும் கட்டியே கொண்டுவந்தார்கள். நரம்புப் பாதிப்பு எங்கே குறைவு? கோலாலம்பூரில்! சிறிய ஆய்வு, இரண்டு ஊர் விபத்தும் ஒன்றல்ல என்பீர்கள். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கட்டுதான் காக்கிறது என்றால், கணக்கு தலைகீழாக அல்லவா வந்திருக்க வேண்டும்?

கெடுதலோ கண்முன்னே இருக்கிறது. கூன் விழுந்த முதியவரைக் கட்டைப் பலகையில் மல்லாத்திக் கட்டினால் மூச்சு முட்டும், புட்டத்தில் புண் வரும், வாந்தி வந்தால் புரளக்கூட முடியாது. குண்டடி, கத்திக்குத்து பட்டவர்கள் நிலை இன்னும் மோசம். அமெரிக்காவில் அப்படிப்பட்ட 45,284 பேரின் பதிவுகளை ஆராய்ந்து 2010-இல் வெளியிட்டார்கள். கட்டப்பட்டவர்களில் இறந்தவர்கள் 14.7 சதவீதம், கட்டப்படாதவர்களில் 7.2. ரத்தம் போய்க்கொண்டிருப்பவருக்குப் பட்டை இறுக்கும் நிமிடம் யாருடைய நிமிடம், நடுவர் அவர்களே?

"யாருக்குத் தேவை என்று எப்படித் தெரியும்?" என்றார்கள். எக்ஸ்ரே யாருக்கு வேண்டும் என்று முடிவுசெய்ய வந்த நெக்சஸ் விதி இருக்கிறதே! நல்ல நினைவு இருக்கிறதா, போதையில் இருக்கிறாரா, பின்கழுத்தின் நடுவே தொட்டால் வலிக்கிறதா, கைகால் மரத்ததா அல்லது பலமிழந்ததா, கழுத்து வலியை மறைக்கும் வேறு பெருங்காயம் உண்டா? ஐந்தே கேள்வி. ஐந்திலும் கோளாறு இல்லையென்றால் எக்ஸ்ரே வேண்டாம் என்பதுதான் விதி. 2000-இல் வெளியான ஆய்வில் 34,069 பேரில் 818 பேருக்குக் கழுத்தெலும்புக் காயம். விதி தவறவிட்டது எட்டுப் பேரை. கால் மரத்துப்போனவரை அசைக்காமல் கொண்டுவாருங்கள் என்று நானும்தான் சொல்கிறேன். நடந்து வந்து, வலியே இல்லை என்று தெளிவாகப் பேசுகிறவரை ஏன் கட்டுகிறீர்கள்?

வழக்கு வந்தால்? அன்றைய மருத்துவ நெறியை வைத்துத்தானே உங்களை அளப்பார்கள்! குண்டடி, குத்துக்காயத்துக்கு இந்தக் கட்டு வேண்டாம் என்று 2018-இல் அமெரிக்க அறுவை மருத்துவர்களும் அவசர மருத்துவர்களும் கூட்டறிக்கையே விட்டார்கள். நெறி நகர்ந்துவிட்டது, பயம் மட்டும் பழைய இடத்திலேயே நிற்கிறது. ஐந்து கேள்விக்கும் கிடைத்த பதிலை, பரிசோதித்த நேரத்தோடு, ஆம்புலன்ஸ் படிவத்தில் எழுதச் சொல்லுங்கள். அந்த நெறிமுறையில் நிர்வாகமும் தலைமை மருத்துவரும் கையெழுத்துப் போடட்டும். நடுரோட்டில் முடிவெடுக்கிற ஊழியரைத் தனியே கூண்டில் ஏற்றாதீர்கள் என்று கேட்டு, தீர்ப்பை உங்களிடம் விடுகிறேன்.