மனு அடிக்க வருமா?

வணக்கம் நேயர்களே.

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. அப்புறம் வந்தது ஒரு கூடுதல் அவகாசம்தான். சரி, விண்டோஸ் 11-க்குப் போகலாம் என்றால், அது டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லைக் கேட்கிறது. இன்டெல் சிப் என்றால் பெரும்பாலும் 8-ஆம் தலைமுறையாவது இருக்க வேண்டும். 2017-க்கு முன்னால் வாங்கிய நம் வீட்டுக் கணினிகள் அநேகமாக இதில் தேறுவதில்லை. ஆனால் அந்தக் கணினி நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. அதைத் தூக்கிப் போட எனக்கு மனசு வராது. விண்டோஸுக்குப் பதிலாக அதில் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போடலாம்.

எந்த லினக்ஸ் நல்லது என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். அந்தக் கணினியில் யார், என்ன வேலை பார்க்கிறார்கள் என்று நான் திருப்பிக் கேட்பேன். டேலியில் கணக்கு எழுதுகிறவர், ஃபோட்டோஷாப்பிலோ பேஜ்மேக்கரிலோ பிழைப்பு நடத்துகிறவர் என்றால் மாற வேண்டாம் என்றே சொல்வேன். அவை லினக்ஸில் நேரடியாக ஓடாது. பிரவுசர், யூடியூப், கடிதம், பிள்ளைகளின் பாடம் என்றால் தயங்கவே வேண்டாம்.

எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற சர்வேயர் ஒருவர் இருக்கிறார். அவருடைய கணினி 2014-இல் வாங்கியது, 4 ஜிபி ராம். "தம்பி, நீங்க எதை வேணா போடுங்க. எனக்கு மனு அடிக்க வருமா? அதை மட்டும் சொல்லுங்க" என்றார்.

8 ஜிபி பென் டிரைவில், செய்யும் மாற்றங்கள் அதிலேயே தங்கும்படி, லினக்ஸ் மின்ட் என்ற லினக்ஸ் வகையை ஏற்றி எடுத்துப் போனேன். மின்ட் 2006-இல் தொடங்கியது. மெனு கீழே இடது மூலையில்தான் இருக்கும், அதனால் விண்டோஸ் பழகிய கை தடுமாறாது. அதிலேயே சின்னமன் என்று ஒரு பதிப்பு உண்டு, பார்க்க அழகாக இருக்கும். எக்ஸ்எஃப்சிஇ என்பது பழைய கணினிக்கு ஏற்ற எளிய பதிப்பு. அவருக்கு இரண்டாவதைத்தான் எடுத்தேன்.

எதையும் நிறுவாமல், பென் டிரைவிலிருந்தே கணினியைக் கிளப்பினேன். ஹார்ட் டிஸ்கைத் தொடவே இல்லை. வைஃபை கிடைக்கிறதா, ஸ்பீக்கரில் சத்தம் வருகிறதா என்று பார்த்தோம். பிரிண்டரைச் சொருகி ஒரு பக்கம் அச்செடுத்தோம். பிரிண்டர் விஷயத்தில் மட்டும் யார் வாக்கையும் நம்பாதீர்கள், தாள் வெளியே வந்தால்தான் உறுதி. ஒரு வீட்டில் நான் இதைப் பார்க்காமல் நிறுவிவிட்டேன். அந்த பிரிண்டருக்கு லினக்ஸில் டிரைவரே, அதாவது அதை இயக்கும் மென்பொருளே, கிடைக்கவில்லை. பிள்ளையின் ஹால் டிக்கெட்டை அச்செடுக்க இரவு நேரத்தில் கடை கடையாக அலைந்தார்கள். அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது.

அடுத்து மனு. தமிழில் தட்டச்சு செய்ய உதவும் ஐபஸ்-எம்17என் என்ற மென்பொருள் தொகுப்பைச் சேர்த்தால் தமிழ்99, ஒலிபெயர்ப்பு, டைப்ரைட்டர் என்று பல விசைப்பலகைகள் கிடைக்கும். சர்வேயர் ஐயா தட்டச்சுப் பள்ளியில் படித்தவர். டைப்ரைட்டர் முறையைத் தேர்ந்து கொடுத்ததும், விசைகளைக் குனிந்து பார்க்காமலே "பெறுநர்" என்று அடித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

ஆனால் அவருடைய பழைய மனுக்களைத் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக வந்து நின்றன. முகம் வாடிவிட்டது அவருக்கு. பயப்பட ஒன்றுமில்லை. அவையெல்லாம், இன்று எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடாக இருக்கும் யூனிகோடுக்கு முந்தைய பாமினி எழுத்துருவில் அடித்தவை. விண்டோஸில் இருந்த அந்த எழுத்துருக் கோப்பையே இங்கே கொண்டுவந்து நிறுவியதும், கடிதம் அடிக்க மின்ட்டில் இருக்கும் லிப்ரே ஆபீஸில் தமிழ் தமிழாகவே தெரிந்தது.

இப்படி ஒரு வாரம் பென் டிரைவிலேயே பழகட்டும் என்று விட்டுவந்தேன். நிறுவிய பிறகு இருக்கும் வேகம் அதில் இருக்காது, அதை முன்பே சொல்லிவிட வேண்டும். அப்புறம்தான் நிறுவினோம். நிறுவும்போது, டிஸ்கை முழுவதும் அழிக்கவா என்று ஒரு கட்டத்தில் கேட்கும். அந்த வரியை அவசரத்தில் தட்டி, குடும்பப் படங்களை மொத்தமாக இழந்தவர்கள் உண்டு. அதனால் நான் பழைய ஹார்ட் டிஸ்கைக் கழற்றி வைத்துவிட்டு, ஹார்ட் டிஸ்கைவிட வேகமான எஸ்எஸ்டி என்ற சேமிப்பகம் ஒன்றைப் புதிதாக வாங்கி மாட்டி, அதில்தான் நிறுவுவேன். பழையதில் ஒரு கோப்புகூட அசையாது, கணினியும் முன்னைவிட நன்றாக வேகமெடுக்கும்.

சர்வேயர் ஐயா அந்தப் பழைய டிஸ்கைத் துணியில் சுற்றி, மேலே தேதி எழுதி, வீட்டுப் பத்திரங்களோடு பீரோவில் வைத்திருக்கிறார். போன வாரம் தெருவிளக்குக்காக ஒரு மனு அடித்துக் கொண்டுவந்து, பிழை இருக்கிறதா பாருங்கள் என்று என்னிடம் நீட்டினார். ஒற்றுப் பிழை ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

நன்றி, வணக்கம்.